மேனேஜர் குளிக்கப் போன மதியம்

சுருட்டைக்குத் தலைமுடி கொட்டிப் பன்னிரண்டு வருஷமாகிறது. பெயர் மட்டும் கொட்டவில்லை. வெயில் காலத்தில் அந்தத் தலையைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம். ஒன்பது மணிக்குப் பித்தளைச் சொம்பு. பன்னிரண்டு மணிக்குச் செப்புப் பானை. மூன்று மணிக்கு மேல் ஈ உட்கார்ந்தால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும். அப்பேர்ப்பட்ட தலையை வைத்துக்கொண்டு, கோடை முடிகிற அந்த வாரத்தில் அவர் வைக்கோலோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

நிலம் நாலே ஏக்கர். ஒரு கிணறு, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, பதினெட்டுக் கோழி, ஒரு எருமை. வேலைக்கு ஆள் மூன்று பேர். சுருட்டை, அவர் மனைவி, மனைவியின் அண்ணன். அண்ணன்காரர் முப்பத்துநாலு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றதும், "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று பெட்டியோடு வந்து இறங்கினார். அந்த ஒரு வாரத்துக்கு இப்போது ஆறு வயசு. கழுத்தில் விசில் இன்னும் தொங்குகிறது. கோழியைக் கூண்டில் அடைப்பதானாலும் "உள்ளே போ, உள்ளே போ, முன்னாடி எடம் இருக்கு" என்றுதான் அடைப்பார். கோழிகளும் நகர்ந்து இடம் கொடுக்கும்.

எருமையின் பெயர் மேனேஜர். கண்டக்டர் வைத்த பெயர்தான். "நாள் முழுக்க நிழல்ல உக்காந்திருக்கா. எதையாவது மென்னுக்கிட்டே இருக்கா. யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுறா, ஒண்ணும் நடக்கிறதில்ல. எங்க டெப்போவுல அச்சு அசல் இப்படியே ஒருத்தர் இருந்தாரு" என்பார்.

அந்த மேனேஜர் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். பூசணித் தோட்டத்துப் படல் திறந்து கிடந்தது. உள்ளே போனாள். விதைக்கென்று விட்டு வைத்திருந்த பதினோரு பூசணியையும் காலி செய்தாள். அதில் ஒன்றைக் குடைந்தால் ஒரு குடும்பமே உள்ளே ஏறி ஆற்றைக் கடக்கலாம், அத்தனை பெரிசு. அதையும் காம்போடு தின்றுவிட்டு, வாசலில் வந்து நின்று ஒரு ஏப்பம் விட்டாள். கூரைத் தகரம் அதிர்ந்தது.

படலைக் கடைசியாகத் திறந்தது யார்?

"நீதான் மாப்ள" என்றார் கண்டக்டர்.

"நீங்கதான் மச்சான்" என்றார் சுருட்டை.

ஒன்றே முக்கால் மணி நேரம் இதையே இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கடைசியில் "இனிமே உன்கூடப் பேசினா ஏன்னு கேளு" என்று இரண்டு வாயிலிருந்தும் ஒரே நொடியில் வந்தது. அத்தோடு வாய் பூட்டிக்கொண்டது. முதலில் பேசுகிறவன்தான் படலைத் திறந்தவன் என்று ஒருவரும் சட்டம் போடவில்லை. ஆனால் சட்டம் இருந்தது. கோழிக்குக்கூடத் தெரியும்.

சரி, பேச்சு வார்த்தை இல்லாமல் கோடைக் கடைசியில் ஒரு பண்ணையை ஓட்ட முடியுமா? வெங்காயத்தைத் தரம் பிரித்துச் சாக்கில் கட்ட வேண்டும். கூரையில் ஓட்டை அடைக்க வேண்டும். வாய்க்காலில் மண் வார வேண்டும். எல்லாமே இரண்டு ஆள் வேலை. "ஏணியைப் பிடி" என்று ஒருத்தன் சொல்லாமல் இன்னொருத்தன் கூரை ஏற முடியாது. யோசித்து யோசித்து இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பூசணியைத் தின்றவள் மேனேஜர். ஆக, இந்த வழக்கில் அவளோடு பேச இரண்டு பேருக்கும் உரிமை உண்டு.

"மேனேஜர், ஏணி ஆடுதுன்னு உங்க ஆள்கிட்டச் சொல்லு" என்பார் சுருட்டை, கூரை மேலிருந்து.

"மேனேஜர், ஏணி ஆடலை, ஏறினவருக்குத்தான் கால் ஆடுதுன்னு சொல்லு" என்பார் கீழே இருக்கிறவர்.

மேனேஜர் இரண்டு பக்கமும் தலையாட்டுவாள். வேலை நடந்துவிடும். மூன்று வாரத்தில் அவளைக் கட்டுத்தறியில் கண்டவர் யாருமில்லை. வெங்காயம் பிரிக்கிற இடத்துக்கு ஓட்டி வருவார்கள், வாய்க்காலுக்கு ஓட்டிப் போவார்கள். ஒரு நாள் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்வதற்காகக் கண்டக்டர் அவளைச் சமையல்கட்டு ஜன்னல் வரைக்கும் கூட்டி வந்தார். அன்று சமைத்தது சுருட்டை.

மனைவி இதெல்லாம் கண்ணிலேயே படாத மாதிரி இருந்தாள். அவளுக்கு வேறு கவலை. போன வருஷம் இதே சமயத்தில் வைக்கோல் போரை மூடத் தாமதமாகி, மழையில் ஊறிப் பூசணம் பிடித்தது. மேனேஜர் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மழைக் காலம் முடிவதற்குள் அவள் விலா எலும்பில் கம்பளி உலர்த்தலாம் போல் ஆகிவிட்டது. அதனால் வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மனைவி தீர்ப்பைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில தங்கச்சி வர்றா. அவ வீட்டுல வைக்கோலுக்குன்னே ஓடு போட்ட கொட்டகை இருக்கு. நம்ம போரு காஞ்சு மூடியிருந்துச்சுன்னா வந்தவ சாப்பிட்டுட்டுப் போவா. நனைஞ்சிருந்துச்சுன்னா மேனேஜரை ஓட்டிட்டுப் போவா. பேசியாச்சு."

"யாரைக் கேட்டுப் பேசின?" என்றார் சுருட்டை.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க, மாத்திக்கலாம்" என்றாள்.

இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

அன்றிரவு சுருட்டைக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜரை நாலு நாள் கன்றாக வாங்கிப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவர் அவர். அவர் பக்கத்தில் நின்று காதுக்குப் பின்னால் சொறிந்தபடி அன்றைய குறைகளை ஒன்று விடாமல் சொன்னால்தான் அவள் மடி இறங்கும். குறை பெரிசானால் பாலும் கூடும். படல் சண்டைக்கு மறுநாள் குவளை போதாமல் வாளி எடுக்க வேண்டி வந்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் மனைவி "உம்" கொட்டுவதை நிறுத்தியே இருபத்தெட்டு வருஷமாகிறது. முழுக்கதையும் கேட்கிற ஜீவன் உலகத்தில் மேனேஜர் ஒருத்திதான். அவளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டால் மனுஷன் யாரிடம் போய்ப் புலம்புவது?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் வேலை ஆரம்பமாகிவிட்டது. சுருட்டை போர் மேல் நின்று வைக்கோலைப் பரப்பி மிதிப்பது, கண்டக்டர் கீழிருந்து கவைக்கம்பால் வாரி எறிவது. நடுவில் மேனேஜர்.

"மேனேஜர், வடக்குப் பக்கம் பள்ளமா இருக்குன்னு சொல்லு."

"மேனேஜர், பள்ளம் எங்கேன்னு எனக்குத் தெரியும், பஸ்ஸுல முப்பத்துநாலு வருஷம் பள்ளத்துலதான் போனேன்னு சொல்லு."

கண்டக்டர் எறிகிற அழகே தனி. ஒவ்வொரு வைக்கோல் கட்டையும் தூக்கி, "போ, போ, உள்ளே போ, நடுவுல ஆளே இல்ல" என்று சொல்லித்தான் எறிவார். ஒரு விசில் அடித்தால் நிறுத்து. இரண்டு விசில் அடித்தால் போகலாம். போர் மளமளவென்று ஏறியது. பத்து மணிக்கு ஆள் உயரம். பதினொன்றரைக்கு இரண்டாள் உயரம். பிறகு பருந்து ஒன்று சுருட்டையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

மதியம் மனைவி கயிற்றோடு வந்தாள். "வெயில் தாங்காம நாக்கைத் தொங்கப் போட்டு நிக்கிறா பாவம். குளத்துல விட்டுட்டு வர்றேன்."

சுருட்டை மிதிப்பதை நிறுத்தினார். கண்டக்டர் கவைக்கம்பைத் தூக்கியபடியே நின்றார். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்காமல் குளத்துப் பக்கம் நடந்தாள். குளத்தில் இறங்கினால் அவள் மூக்கும் கொம்பும் மட்டும்தான் வெளியே தெரியும். ஏறுவது அவள் சித்தம்.

அதற்குப் பிறகு களத்தில் ஒரு சத்தமில்லை. கண்டக்டர் எறிந்தார், சுருட்டை மிதித்தார். வேலை என்னவோ இரண்டு மடங்கு வேகமாக நடந்தது. நடுவில் சுருட்டை ஒன்றைக் கவனித்தார். தெற்குப் பக்கம் போரோடு சாய்த்திருந்த ஏணி மேல் வைக்கோல் விழுகிறது. முதலில் ஏணியின் கீழ்ப்படி மறைந்தது. அப்புறம் நடுப்படி. சொல்லலாம் என்று வாய் திறந்தார். யாரிடம் சொல்வது? மேனேஜர் வரட்டும் என்று அந்த வைக்கோலையும் பொறுப்பாக அமுக்கிப் பரப்பி மிதித்தார். கடைசிப் படி மேலே இரண்டு விரல் போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலும் ஒரு கட்டு வந்து விழுந்தது. போர் தேன்கூடு மாதிரி உருண்டு திரண்டு நின்றது. அப்படி ஒரு போரை அந்த வட்டாரம் கண்டதில்லை. ஏணியை விழுங்கிய போரையும்தான்.

மேலே நின்று இடுப்பில் கை வைத்துப் பெருமையாகச் சுற்றிப் பார்த்தவர், மேற்கே பார்த்ததும் கையை எடுத்தார். மேனேஜரையே வானத்தில் ஏற்றிவிட்ட மாதிரி, கொம்பும் முதுகுமாகக் கறுப்பாக ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது.

தார்ப்பாய் கீழே, கைவண்டியில், மடித்தபடி கிடந்தது. கண்டக்டர் அதற்குப் பக்கத்திலேயே கல் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேகம் அவருக்குப் பின்பக்கம். போர் வேறு மறைத்தது.

சுருட்டை தொண்டையைக் கனைத்தார். கண்டக்டர் திரும்பவில்லை. அப்போது ஒரு கோழி களத்தில் குறுக்கே போனது.

"ஏ கோழி" என்றார் சுருட்டை. "தார்ப்பாயை மேல போடச் சொல்லு."

கோழி ஒரு கணம் நின்று கேட்டது. பிறகு பாதியிலேயே ஓடிவிட்டது.

கண்டக்டர் சொம்பைக் கீழே வைத்தார். கைவண்டியைப் பார்த்துச் சொன்னார். "ஏ வண்டி, கோழிகிட்டச் சொன்னதெல்லாம் கணக்குல வராதுன்னு சொல்லு. பூசணி கேஸுல கோழிக்குச் சம்பந்தமில்ல."

"வண்டிக்கு மட்டும் சம்பந்தம் இருக்கான்னு கேளு" என்றார் சுருட்டை வானத்தைப் பார்த்து.

"பூசணியை விதைக்குத் தேர்ந்தெடுத்து இந்த வண்டியிலதான் ஏத்தப் பாத்தோம்னு சொல்லு. ஏத்தறதுக்குள்ளதான் யாரோ படலைத் திறந்து விட்டுட்டாங்கன்னும் சொல்லு."

முதல் துளி விழுந்தது. சுருட்டையின் தலை நடுவில், டணார் என்று. அடுத்த களத்து ஆள் ஏதோ சாமான் உருண்டதென்று எட்டிப் பார்த்திருப்பான்.

சுருட்டை குளத்துப் பக்கம் பார்த்தார். தூரத்தில் மனைவி கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. வந்துவிட்டாள், மேனேஜர் வந்துவிட்டாள், இன்னும் நூறு தப்படி. அவருக்கு உயிர் வந்தது. ஆனால் அங்கே தூறல் ஏற்கெனவே பிடித்திருந்தது. மேனேஜர் வரப்பு நடுவில் நின்றாள். கண்ணை மூடினாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார் சுருட்டை. இப்போதுதான் அசலைப் பார்த்தார். மனைவி இழுத்தாள், தள்ளினாள், வாலை முறுக்கினாள். ஒரு மலையை வாலைப் பிடித்து முறுக்கினால் எவ்வளவு நகருமோ அவ்வளவு நகர்ந்தாள் மேனேஜர்.

இரண்டாவது துளி. மூன்றாவது துளி.

நாளைக் காலையில் கொழுந்தியாள் கயிற்றைப் பிடித்து முன்னால் நடப்பதும், மேனேஜர் ஒருதரம் திரும்பிப் பார்ப்பதும் சுருட்டைக்குக் கண்ணில் ஓடியது. அவள் திரும்பிப் பார்க்காமலே போவதும் ஓடியது. அதுதான் தாங்கவில்லை.

"மச்சான்" என்றார். "மழை வருது. தார்ப்பாயை எடுங்க."

கண்டக்டர் எழுந்து நின்றார். முகம் முழுக்கப் பல். அவ்வளவு பல் அவர் வாயில் இருப்பது தங்கைக்கே தெரியாது. "யாரைக் கூப்பிட்டே?"

"உங்களைத்தான். படலைத் திறந்தது நானாவே இருந்துட்டுப் போறேன். எடுங்க மச்சான், நனையுது."

கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார். தார்ப்பாயின் கயிற்றை மேலே வீசினார். சுருட்டை இழுத்தார். பாதி வந்த பாயில் காற்று புகுந்தது. பாய் உப்பிக் கப்பல் மாதிரி ஆகி, சுருட்டையைப் போரோடு சேர்த்துக் கடலுக்குக் கொண்டு போகிற மாதிரி இழுத்தது.

"ஒத்தை ஆள் வேலை இல்ல இது. விடாதே மாப்ள, வர்றேன்" என்று கண்டக்டர் கைவண்டியைப் போரோடு ஒட்டி நிறுத்தினார். அதன் மேல் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தார். அதன் மேல் அறுபத்துமூன்று வயசையும் தொப்பையையும் ஏற்றினார். சுருட்டை ஒரு கையால் பாயையும் மறு கையால் மச்சானின் சட்டைக் காலரையும் பிடித்துத் தூக்கினார்.

"படியில நிக்காதீங்க, உள்ள ஏறி வாங்க" என்றார்.

"இந்த வசனமெல்லாம் என்கிட்டயேவா" என்றபடி கண்டக்டர் கால் உதைத்து மேலே வந்து விழுந்தார். உதைத்த உதையில் டிரம் உருண்டது. கைவண்டி தன்பாட்டுக்குப் புறப்பட்டுச் சரிவில் இறங்கி, பூசணித் தோட்டத்துப் படலை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே போனது.

பாயை விரித்தார்கள். ஓரத்துக் கயிறுகளைக் கீழே கல்லில் கட்ட வேண்டும். கீழேதான் யாருமில்லையே. காற்று ஒரு மூலையைத் தூக்கியது. சுருட்டை அதன் மேல் படுத்தார். எதிர் மூலை எழுந்தது. கண்டக்டர் அதன் மேல் படுத்தார். மற்ற இரண்டு மூலைக்கு ஆளுக்கு ஒரு காலை நீட்டினார்கள். அப்புறம் மழை வந்தது. வந்தது என்றா சொன்னேன், யாரோ ஏரியைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். இரண்டு பேரும் காய வைத்த தவளைத் தோல் மாதிரி பாயோடு ஒட்டிக் கிடந்தார்கள்.

"மச்சான்."

"சொல்லு."

"ஏணி மேல வைக்கோல் போட்டீங்களே, பாக்கலையா?"

"பாத்தேனே. பாத்துத்தான் போட்டேன். நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ அதையும் மிதிச்சு அமுக்கிட்டு நிக்கிறே. சரி, மாப்ளைக்கு ஏதோ திட்டம் இருக்குன்னு நெனச்சேன்."

"எனக்கென்ன திட்டம், மேனேஜர் வரட்டும்னு நின்னேன்."

"நானும் அதுக்குத்தான் காத்திருந்தேன்."

கண்டக்டர் முகத்துத் தண்ணீரைத் தோளில் துடைத்தார்.

"மாப்ள, நெசமாவே படலைத் திறந்தது நீதானா?"

"ஞாபகமே இல்ல மச்சான்."

"எனக்கும் இல்ல" என்றார் கண்டக்டர். "ஆனா நீதான்னு நல்லாத் தெரியும்."

"உங்க காலை எடுங்க, என் மூலையில வருது."

"இது என் மூலை. ஏறும்போதே எடம் பிடிச்சாச்சு."

மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்த பேச்சு மடை உடைந்து வந்தது. உப்பு, வெங்காயச் சாக்கு, ஆடிய ஏணி, ஆடாத ஏணி, ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் என்று வந்தது, ஒன்று பாக்கியில்லை. அந்தச் சத்தத்தில் இடி இரண்டு தடவை இடித்தது, இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை.

மழை ஓய்ந்ததும் மனைவி மேனேஜரோடு களத்துக்கு வந்தாள். சேலை பிழிய வேண்டிய நிலைமையில் இருந்தது. மேனேஜர் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தாள். மனைவி முதலில் கயிறுகளை இழுத்து நாலு மூலையும் கல்லில் கட்டினாள். அப்புறம் போரைச் சுற்றி வந்தாள். அவள் முழங்கை வரைக்கும் போருக்குள் விட்டு ஒரு பிடி உருவினாள். கசக்கினாள். முகர்ந்தாள். இன்னொரு இடத்தில் உருவினாள். வெளியே ஒரு விரல்கடை ஈரம், உள்ளே மொறுமொறு என்று இருந்தது. அதை மேனேஜர் முன்னால் நீட்டினாள்.

மேனேஜர் முகர்ந்தாள். சுருட்டை கண்ணை மூடிக்கொண்டார். நறுக்கென்று மெல்லுகிற சத்தம் கேட்டது. அவர் கேட்டதிலேயே அழகான சத்தம் அதுதான். கண்ணோரம் துடைத்துக்கொண்டார், மழை நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

மனைவி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "தங்கச்சி, நாளைக்குக் கயிறு எடுத்துட்டு வர வேண்டாம். சாப்பிட மட்டும் வா" என்றாள்.

"சொன்னேன்ல மாப்ள, என் கட்டு ஒழுகாதுன்னு" என்றார் கண்டக்டர்.

"மிதிச்சது யாரு?" என்றார் சுருட்டை.

"இறங்கி வந்து சண்டை போடுங்க, தேத்தண்ணி வைக்கிறேன்" என்றாள் மனைவி. "ஏணி எங்கே?"

மேலே இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"ஏணி எங்கேன்னேன்."

"உள்ளே" என்றார் சுருட்டை.

"எதுக்குள்ளே?"

கண்டக்டர் தாம் படுத்திருந்த இடத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

மனைவி போரை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தாள். கலைத்தால் கட்டு விட்டுப்போகும், ஈரம் இறங்கும். இது மூன்று பேருக்குமே தெரியும். மேனேஜர் கால் மாற்றி நின்று அடுத்த வாய் உருவினாள்.

"இவ ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு திம்பா" என்றாள் மனைவி. "ஏணி வெளிய தெரிய எத்தனை நாளாகும்னு ரெண்டு பேரும் கலந்து பேசிச் சொல்லுங்க. சோத்தை வாளியில கட்டி அனுப்புறேன்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"மாப்ள" என்றார் கண்டக்டர், "ஏணி தெக்குப் பக்கம்தானே? மேனேஜர் வடக்குல திங்கிறாளே."

"தெக்குல இல்ல மச்சான், கிழக்கு."

"போட்டவன் நான், எனக்குத் தெரியாதா?"

"மிதிச்சவன் நான்."